உப்புத் தண்ணிக்குக் குறடு வாங்குவது: தூண்டில்காரருக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் புதிதாகத் தூண்டில் போட வருகிறவர்கள் தடிக்கும் ரீலுக்கும் நாள்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். குறடு மட்டும் கடைசி நேரத்தில் வாங்கும் சாமானாகிவிடும். காசு கொடுக்கும் இடத்தில் தொங்குவதில் பளபளப்பான ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு வாடைக்காலம் போவதற்குள் அது இறுகித் திறக்காமல் நிற்கும், அல்லது நூலை வெட்டாமல் மென்று விடும்.

பெரும்பாலும் பிழை போவது குறட்டில் இல்லை, பார்க்கும் ஒழுங்கில்தான். முதலில் விலை, பிறகு பளபளப்பு, பிறகு "கறள் பிடிக்குமா" என்ற கேள்வி என்று போகிறார்கள். நீங்கள் வெட்டப்போகும் நூலிலும் நீங்கள் பிடிக்கும் மீனின் வாயிலும் இருந்து தொடங்குங்கள். உலோகத்தின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

1. கடைக்குப் போகுமுன்: நான்கு கேள்விக்குப் பதில்

எங்கே நின்று பிடிக்கிறீர்கள், என்ன மீன், எவ்வளவு பெரிய தூண்டில், என்ன நூல். இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் கடைக்குள் போனால் கடைக்காரர்தான் உங்களுக்காக முடிவெடுப்பார்.

களப்பில் தோணியில் இருந்து கொடுவாவுக்குப் போடுகிறவருக்கும், கல்லடிப் பாலத்தில் நின்று இரவில் போடுகிறவருக்கும், வாழைச்சேனையில் இருந்து இயந்திரப் படகில் அறுக்குளாவுக்குப் போகிறவருக்கும் ஒரே குறடு சரிவராது. தோணியில் மீன் மடிக்குப் பக்கத்தில் கிடக்கும். இரண்டு கையும் ஓரளவு ஓய்வாக இருக்கும். பாலத்தில் ஒரு கை தடியைப் பிடித்திருக்கும். குறடு நழுவினால் நேரே தண்ணிக்குள்தான். படகில் ஆட்டம் அதிகம். கம்பியும் தடித்த லீடரும் (தூண்டிலுக்கு முன்னால் கட்டும் நூல்) வெட்டவேண்டியிருக்கும். அறுகம்பைப் பக்கம் பாறைகளில் நின்று பாரைக்கு லூர் (செயற்கை இரை) எறிகிறவருக்கு உப்புத் தூறல் நாள் முழுக்க உடம்பிலும் சாமானிலும் படிந்துகொண்டே இருக்கும்.

பதிலை எழுதிய பிறகு ஒரு சின்னப் பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் பாவிக்கும் பிரெய்ட் லைனில் (பின்னிய நூல்) ஒரு முழம், லீடராகக் கட்டும் தங்கூசியில் (ஒற்றை இழை நூல்) ஒரு முழம், கம்பி பாவித்தால் அதில் ஒரு துண்டு, லூரில் இருக்கும் வளையம் ஒன்று, பழைய தூண்டில் ஒன்று, ஒரு மெல்லிய கடதாசி. கைப்பேசியில் வெளிச்சம் இருக்கிறது, அது போதும். பிரெய்டைப் புதுச் சுருளில் இருந்து வெட்டி எடுக்காதீர்கள். பாவித்துப் பூச்சுப் போன நூல்தான் வெட்டுவதற்குக் கஷ்டம், சோதனைக்கு அதுதான் நல்லது.

2. நீளமும் மூக்கும்

குறட்டின் நீளத்தை முடிவு செய்வது மீனின் வாய். கைக்குள் அடக்கமாக இருக்கிறது என்று 5 அங்குலக் குறட்டை வாங்குகிறவர்கள் முதல் சீலாவிலேயே திண்டாடுவார்கள். சீலா லூரை முழுதாக வாய்க்குள் வாங்கிவிட்டால், குட்டைக் குறட்டைப் பிடித்த விரல்கள் அந்தப் பற்களுக்கு நேர் மேலே போய் நிற்கும். மீன் ஒரு தடவை தலையை உதறினால் போதும்.

களப்பிலும் கரையிலும் பொதுவாகப் பிடிபடும் மீன்களுக்கு 7 அங்குலம் அளவு நல்லது. சீலா, அறுக்குளா, பெரிய களவாய் என்று போகிறவர்களுக்கு 9 முதல் 11 அங்குலம் வரை நீண்ட மூக்குக் குறடு ஒன்று வேண்டும். சின்ன மீனுக்குப் போடுகிறவருக்கு 6 அங்குலம் போதும்.

கெளுத்திக்கும் ஓராவுக்கும் இங்கே தனியாக ஒரு சொல். இரண்டின் முட்களிலும் விஷம் உண்டு. கெளுத்தியின் முதுகு முள்ளும் இரண்டு பக்கச் செட்டை முட்களும் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். மீனைக் கையால் தொடாமல், தூண்டிலின் தண்டைக் குறட்டால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி உதறிவிட வேண்டும். அதற்கு மூக்கு நேராகவும் நுனி ஒடுங்கியும் இருக்கவேண்டும். வளைந்த மூக்கு ஆழத்தில் உள்ள தூண்டிலை எட்டிப் பிடிக்க உதவும். ஆனால் அதைக்கொண்டு வளையம் திறப்பதும் முடிச்சை இழுத்து இறுக்குவதும் சிரமம். ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நேர் மூக்கையே எடுங்கள்.

நுனியைக் கிட்டப் பாருங்கள். லூர் பாவிக்கிறவருக்கு நுனியில் ஒரு பக்கம் சின்னப் பல் ஒன்று கீழ்நோக்கி வளைந்து நிற்கவேண்டும். லூரின் வளையத்தைப் பிளந்து தூண்டில் மாற்றுவது அந்தப் பல்லைக்கொண்டுதான். அந்தப் பல் தடித்திருந்தால் சின்ன வளையத்துக்குள் நுழையாது. மெல்லியதாக இருந்தால் பெரிய வளையத்தில் வளைந்துவிடும். நீங்கள் கொண்டுபோன வளையத்தைப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். இரைத் தூண்டில் மட்டும் போடுகிறவருக்கு இந்தப் பல் தேவையில்லை. தூண்டில் தண்டைப் பிடிக்கும்போது அது இடைஞ்சலாகவும் இருக்கும்.

3. வெட்டும் பகுதி: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

தூண்டில் கழற்ற எந்தக் குறடும் ஓரளவு உதவும். நல்லதும் கெட்டதும் பிரிவது வெட்டில். எனக்குக் குறடு காட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: நனைந்த பிரெய்ட்டின் ஒற்றை இழையைத் தொய்வாக விட்டு வெட்டிக் காட்டுங்கள்.

தங்கூசி தடித்த, திடமான இழை. இரண்டு விளிம்புக்கு நடுவே அது அசையாமல் நிற்கும். சுமாரான வெட்டியும் அதை வெட்டும். பிரெய்ட் வேறு. மிக மெல்லிய பொலித்தீன் நார்கள் பல சேர்ந்து பின்னியது. வழுக்கும், மடியும். விளிம்புகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால்கூட நூல் அதற்குள் மடிந்து படுத்துக்கொள்ளும். நாலு தடவை அழுத்தினால் நுனி பஞ்சாகப் பிரியும், வெட்டாது. அந்தப் பஞ்சு நுனி தடி வளையத்தில் உரசி எறிதலைக் கெடுக்கும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி போன்ற முடிச்சுகளில் லீடரின் மிச்ச நுனியை ஒட்ட வெட்டவும் முடியாது.

வெட்டிகளில் இரண்டு விதம். ஒன்று, இரண்டு விளிம்பும் நேருக்கு நேர் முட்டுவது. மற்றது, கத்தரிக்கோலைப்போல் ஒன்றை ஒன்று உரசிக் கடப்பது. முட்டும் விதம் புதிதாக இருக்கும்போது நன்றாக வெட்டும். ஆனால் குறட்டின் ஆணி கொஞ்சம் தளர்ந்தாலும் விளிம்புகள் விலகிவிடும். அதோடு பிரெய்ட்டுக்கு அது முடிந்தது. உரசிக் கடப்பது பிரெய்டில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

விலை கூடிய குறடுகளில் டங்ஸ்டன் கார்பைட் வெட்டி பூட்டியிருப்பார்கள். மிகக் கடினமானது, கூர் சீக்கிரம் மழுங்காது. ஆனால் கடினமான பொருள் உடையும் குணமுள்ளது. அதில் தூண்டிலையோ ஆணியையோ வெட்டப் போனால் விளிம்பில் சின்னச் சில்லுப் பெயரும். கண்ணுக்குத் தெரியாத சில்லு அது, ஆனால் அன்றிலிருந்து பிரெய்ட் அந்த இடத்தில் சிக்கும். "கார்பைட் என்றால் எதையும் வெட்டும்" என்று நம்பி முதல் கிழமையிலேயே தூண்டிலை வெட்டிப் பார்க்கும் இளைஞர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நூல், லீடர், குறட்டின் பெட்டியில் சொல்லப்பட்ட அளவு கம்பி. அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியானால் தூண்டிலை எதனால் வெட்டுவது? கையில் தூண்டில் ஏறினால் தண்டை வெட்டி எடுக்கவேண்டிய நேரம் வரும். மூன்று முள் தூண்டில்களில் அது அடிக்கடி நடக்கிறது. அதற்கு இரும்புக்கடையில் விற்கும் தடித்த கட்டர் ஒன்றைத் தனியாக எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் வைத்திருங்கள். பாரைக்குப் போடும் பெரிய, தடித்த தூண்டில்களுக்குச் சின்ன போல்ட் கட்டர்தான் வேண்டும். வாங்கியதும் உங்களிடம் உள்ள ஆகத் தடித்த தூண்டில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். கையில் முள் ஏறிய பிறகு சோதிக்கும் விடயம் இல்லை அது.

வெட்டி கழற்றி மாற்றக்கூடியதா என்று பாருங்கள். சின்ன ஆணிகளால் பூட்டியிருந்தால் மாற்றலாம். ஆனால் அந்த வெட்டித் துண்டு தனியாக எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்காத துண்டை மாற்றலாம் என்பதில் ஒரு பயனும் இல்லை.

என் சொந்த முடிவையும் சொல்கிறேன். களப்பிலும் பாலத்திலும் பிடிக்கிற ஒருவருக்கு வெட்டி நன்றாக உள்ள விலை கூடிய குறட்டைவிட, நல்ல மூக்குள்ள நடுத்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குறடு ஒன்றும், பிரெய்ட் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும்தான் நல்லது. இரண்டையும் சேர்த்தாலும் விலை குறைவு. ஒன்று தண்ணிக்குள் போனாலும் மற்றது மிஞ்சும். படகில் போகிறவருக்கு இது பொருந்தாது. அங்கே ஒரே கையால், ஒரே சாமானால் வெட்டி முடிக்கவேண்டிய நேரங்கள் வரும்.

கம்பி லீடரை மடித்துப் பூட்டும் சின்னக் குழாயான ஸ்லீவை நசுக்கும் பள்ளம் சில குறடுகளில் இருக்கும். உங்கள் ஸ்லீவின் அளவு அந்தப் பள்ளத்தோடு சரியாகப் பொருந்தினால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள். பொருந்தாத பள்ளத்தில் நசுக்கிய ஸ்லீவ் பெரிய மீனில்தான் நழுவும். கம்பி லீடர் நிறையக் கட்டுகிறவர்கள் அதற்கான தனிக் கருவியையே வாங்கவேண்டும்.

4. உலோகம்

கடல்நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மட்டக்களப்புக் களப்பில் முகத்துவாரம் வெட்டுப்படுவதையும் மழையையும் பொறுத்து உப்பு கூடிக் குறையும். மாரியில் களப்புத் தண்ணி நன்னீர் போலத் தெரிந்தாலும் குறட்டைக் கழுவாமல் வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கறள் பிடிக்காமல் இருப்பது அதில் உள்ள குரோமியத்தால். குரோமியம் காற்றுப் பட்டு மேலே மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கி உள்ளே உள்ள இரும்பைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைட் அந்தத் தோலைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். அதனால்தான் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசி முனை அளவு கபிலப் புள்ளிகள் தோன்றுகின்றன.

இங்கே விளங்கிக்கொள்ளவேண்டிய முக்கியமான ஒன்று உண்டு. கூர் நிற்கவேண்டுமானால் உருக்கைக் கடினப்படுத்தவேண்டும். அதற்கு உருக்கில் கரி (காபன்) வேண்டும். கரி கூடினால் குரோமியத்தின் ஒரு பங்கு அதோடு சேர்ந்துவிடும், கறளைத் தடுக்க மிஞ்சுவது குறையும். ஆகவே நன்றாக வெட்டும் உருக்கு ஓரளவு கறள் பிடிக்கும். கறளே பிடிக்காத உருக்கு நன்றாக வெட்டாது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று தேடுகிறவர் கடைசியில் கடைக்காரரின் வெறும் பேச்சைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்.

பெட்டியில் உருக்கின் வகை எண் 420 என்று எழுதியிருந்தால் கடினப்படுத்தக்கூடிய வகை. கூர் நிற்கும், பல் தேயாது, ஆனால் கழுவாவிட்டால் புள்ளி விழும். 304 கறளை நன்றாகத் தாங்கும், ஆனால் மென்மையானது. 316 இல் மொலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், அதுவும் மென்மையானதே. மூக்குக்கு 420 போன்ற கடின வகையும் ஒழுங்காகக் கழுவும் பழக்கமும் சேர்ந்தால் பல வருடம் ஓடும்.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டுது, இது போலி" என்று சொல்கிறவர்கள் நிறைய. அது பிழை. 420 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டும். 304, 316 பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் வகையைக் காட்டும், தரத்தைக் காட்டாது.

முலாம் பூசிய சாதாரண இரும்புக் குறடுதான் தவிர்க்கவேண்டியது. புதிதில் எல்லாவற்றையும்விடப் பளபளக்கும். பல் வரிகளில் முலாம் முதலில் தேயும், அதன் அடியில் கறள் ஓடி முலாம் செதிலாக உரியும். பெட்டியில் உலோகம் பற்றி ஒன்றும் எழுதாமல் வெள்ளை வெளேரென்று மின்னினால் சந்தேகப்படுங்கள்.

அலுமினியக் குறடுகள் நிறம் நிறமாக வருகின்றன. உருக்கோடு பார்க்கும்போது அதே அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடைதான். அந்த நிறப் பூச்சு அலுமினியத்தின் மேல் வளர்த்த காப்புத் தோல். கீறல் விழுந்த இடத்தில் வெள்ளைத் தூள் கட்டும். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி பூட்டியிருப்பதால் உப்புத் தண்ணி பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின் அரிப்புத் தொடங்கும். அரிபடுவது அலுமினியம். ஆணி அந்த இடத்தில் இறுகிப்போகும். இதற்கு வழி உண்டு, 9ஆம் படியில் சொல்கிறேன். அலுமினியம் வாங்கினால் மூக்கின் உள்பக்கம் உருக்கு பதித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் அலுமினியப் பற்கள் தூண்டிலைப் பிடித்துப் பிடித்தே வழுவழுத்துவிடும்.

டைட்டேனியம் கடல்நீரில் அரிபடாது, எடையும் குறைவு. விலைதான் தடை. பாலத்தில் நிற்கிறவருக்கு அது தேவையில்லை.

5. ஆணியும் ஸ்பிரிங்கும்

இரண்டு தாடையும் சேரும் ஆணியில்தான் குறட்டின் ஆயுள் இருக்கிறது. உப்பு காய்ந்து படிகமாவது அங்கேதான், மணல் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

குறட்டை அரைவாசி திறந்து, ஒரு தாடையை இடக்கையால் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் அசைவது சரி. பக்கவாட்டில் அசைந்தால் வெட்டியின் இரண்டு விளிம்பும் நேரே சந்திக்காது. புதிதிலேயே இந்த ஆட்டம் இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே பெட்டியில் வந்த ஒரே வகைக் குறடுகளுக்குள்ளும் இதில் வித்தியாசம் இருக்கும்.

அடித்துச் சப்பையாக்கிய ஆணியைவிட முறுக்காணி நல்லது. தளர்ந்தால் இறுக்கலாம், இறுகினால் கழற்றிக் கழுவலாம்.

கையை விட்டதும் தானாகத் திறக்கும் ஸ்பிரிங் கட்டாயம் இருக்கவேண்டும். ஒரு கையில் மீன் துடிக்கும்போது மற்றக் கையின் விரலை உள்ளே விட்டுக் குறட்டைத் திறக்க முடியாது. வெளியே தெரியும் சுருள் ஸ்பிரிங் எளிதில் கழுவுப்படும், ஆனால் கழன்று போகக்கூடும். உள்ளே மறைந்திருப்பது பத்திரமாக இருக்கும், ஆனால் உப்பும் அங்கே பத்திரமாகவே இருக்கும். நான் வெளியே தெரிவதைத்தான் எடுப்பேன்.

6. கைப்பிடி

கடையில் காய்ந்த கையால் பிடித்துப் பார்த்தால் எல்லாக் கைப்பிடியும் நன்றாகவே இருக்கும். மீன் வழும்பும் இறால் இரையும் பூசிய கைக்குள் எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. உள்ளங்கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கைப்பிடியின் முடிவில் வெளிப்பக்கம் கொஞ்சம் அகன்றிருந்தால் இழுக்கும்போது வழுக்காது.

பிவிசி உறை போட்ட கைப்பிடியில் ஒரு மறைவான குறை உண்டு. உறையின் மேல் விளிம்பால் உப்புத் தண்ணி உள்ளே இறங்கும், வெளியே வராது. வெளியில் இருந்து பார்த்தால் குறடு புதிதுபோல இருக்கும். உறையைப் பிளேட்டால் கீறினால் கபில நிறத் தண்ணி வடியும், உள்ளே இரும்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருக்கும். உறை இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, நகத்தால் நெம்பினால் விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் வேண்டாம்.

இரண்டு கைப்பிடியையும் முழுதாக விரித்தபோது உங்கள் சின்ன விரல் மற்றப் பக்கத்தை எட்டவேண்டும். எட்டாத குறட்டை ஒரு கையால் மூட முடியாது.

7. உறையும் கயிறும்

கயிறு இல்லாத குறடு பாலத்துக்கும் தோணிக்கும் கொண்டுபோகக்கூடாது. சுருள் கயிறு நல்லது, ஆனால் அதைக் குறட்டோடு கோக்கும் துளையைப் பாருங்கள். துளையின் விளிம்பு கூராக இருந்தால் கயிற்றை அறுக்கும். கயிற்றின் மறுமுனையை இடுப்பு வாரில் மாட்டுங்கள், குறட்டைச் செருகும் உறையில் வேண்டாம். உறையோடு சேர்ந்தே போவதை நான் கண்டிருக்கிறேன்.

உறையின் அடியில் தண்ணி வடிய ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் சூடாக்கிய ஆணியால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தோல் உறை உப்பை உறிஞ்சி வைத்திருக்கும், நைலோன் எடுங்கள்.

8. கடையில் நின்று செய்யும் சோதனை

இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முன்னால் உள்ளதில் தோற்றால் பின்னால் உள்ளதைப் பார்க்கத் தேவையில்லை.

முதலில் வெளிச்சம். குறட்டை மூடி, மூக்குக்குப் பின்னால் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடியுங்கள். நுனிகள் இரண்டும் முட்டவேண்டும். நடுவில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால் பரவாயில்லை, நுனியில் தெரியக்கூடாது. பிறகு வெட்டியை அதேபோல் பாருங்கள். முட்டும் வகை வெட்டியில் எங்கேயும் ஒளி கசியக்கூடாது.

அடுத்து 5ஆம் படியில் சொன்ன ஆட்டம்.

மூன்றாவது நூல். பிரெய்ட்டை நாக்கில் நனைக்கவேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணி போதும். ஒற்றை இழையைத் தொய்வாக விட்டு வெட்டியின் அடியில், நடுவில், நுனியில் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு வெட்டு. இழுத்துப் பிடித்து வெட்டினால் மொட்டை வெட்டியும் வெட்டும், அது சோதனை ஆகாது. கடதாசியை வெட்டினால் விளிம்பு கிழிசல் இல்லாமல் வரவேண்டும்.

வெட்டிப் பார்க்கக் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். "காக்கா, என்ட நூலில ஒரு துண்டு வெட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டால் கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு நல்ல வியாபாரி மறுக்கமாட்டார். "தம்பி, அது பெட்டிச் சாமான், பிரிக்க ஏலாது" என்று சொன்னால், பிரித்து வைத்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கடை பார்ப்பதே நல்லது. இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை வீட்டில்தான். திருப்பி அனுப்பும் நாள் முடியுமுன் செய்துவிடுங்கள்.

கடைசியாகப் பழைய தூண்டிலின் தண்டை நுனியால் பிடித்து முறுக்குங்கள். வழுக்காமல் நிற்கவேண்டும். கம்பி பாவிக்கிறவர் கம்பியை வெட்டிப் பார்க்கும்போது வெட்டுப்படும் துண்டை விரலால் மூடிக்கொள்ளுங்கள். அது கண்ணுக்குத் தெறிக்கும்.

9. வாங்கிய அன்றைக்கே

புதுக் குறட்டைத் தண்ணிக்குக் கொண்டுபோகுமுன் ஒரு வேலை இருக்கிறது. அலுமினியக் குறடு என்றால் வெட்டியைப் பூட்டிய ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புரியில் படகு இயந்திரத்துக்குப் பூசும் தண்ணி தாங்கும் கிறீஸைக் கொஞ்சம் தடவி, திரும்பப் பூட்டுங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணி போகாமல் கிறீஸ் தடுக்கும். முதல் நாளே செய்தால்தான் இது பலன் தரும். ஒரு பருவம் பாவித்த பிறகு அந்த ஆணி அசையாது, தலை தேய்ந்து மொட்டையாகிவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குறட்டுக்கு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முப்பது நாற்பது தடவை திறந்து மூடி, வெளியே வரும் கறுப்பு அழுக்கைத் துணியால் துடையுங்கள்.

10. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும்

இதைச் செய்யாதவருக்கு எந்தக் குறடும் நிற்காது. விலை கூடியதும்தான்.

நல்ல தண்ணியில் கழுவவேண்டும். கரையோரத்தில் சில வீடுகளின் கிணற்றுத் தண்ணியே உவர். வாயில் வைத்தால் தெரியும். அதில் கழுவினால் உப்பு மேல் உப்புத்தான். குழாய்த் தண்ணி அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணி எடுங்கள். மேலால் ஊற்றிவிட்டு வைக்கக்கூடாது. ஒரு கோப்பைக்குள் குறட்டை அமிழ்த்தி, தண்ணிக்குள்ளேயே இருபது தடவை திறந்து மூடுங்கள். ஆணிக்குள் இருக்கும் உப்பு அப்படித்தான் வெளியே வரும். பழைய பல் துலக்கும் பிரஷால் பல் வரிகளைத் தேய்த்தால் மீன் செதிலும் இரத்தமும் போகும். உறையையும் கயிற்றையும் சேர்த்துக் கழுவுங்கள்.

உதறி, துடைத்து, திறந்தபடி நிழலில் காயவிடுங்கள். நனைந்த குறட்டை நனைந்த உறைக்குள் செருகி வைப்பதுதான் நான் காணும் பிழைகளில் ஆகக் கெட்டது. ஒரு இரவு போதும்.

காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வீட்டில் கைக்கு எட்டும், ஆனால் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு எண்ணெய் இல்லாத நாளில் மட்டும் அதைப் பாவியுங்கள்.

கபிலப் புள்ளி தோன்றினால் பயப்படவேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேசிக்காய்ப் புளியைத் தடவிச் சில நிமிடம் விட்டுத் துணியால் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். அலுமினியத்தில் புளி வேண்டாம், நிறத் தோலைக் கெடுக்கும். இரும்புச் சுரண்டியால் எதையும் தேய்க்கவேண்டாம். அதிலிருந்து பெயரும் இரும்புத் தூள் குறட்டில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே புதுக் கறள் போடும்.

11. எப்போது மாற்றுவது

இறுகிப்போன குறட்டைச் சுத்தியலால் தட்டித் திறக்காதீர்கள், ஆணி வளையும். இரவு முழுக்க மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, காலையில் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பெரும்பாலும் திறக்கும்.

பக்கவாட்டு ஆட்டம் ஆணியை இறுக்கியும் நிற்கவில்லை, அல்லது நுனிகள் விலகிவிட்டன என்றால் அந்தக் குறடு மீனுக்கு முன்னால் நிற்கக்கூடாது. தூண்டில் வழுக்கும் கணத்தில் முள் உங்கள் கைக்குத்தான் வரும். வெட்டி மட்டும் மழுங்கி மூக்கு நன்றாக இருந்தால் எறியவேண்டாம். கத்தரிக்கோல் ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், குறட்டைத் தூண்டில் கழற்ற மட்டும் வைத்திருங்கள். மூக்கும் போனால் வீட்டுச் சாமான் பெட்டியில் போட்டுவிடுங்கள். நூலில் ஈயம் நசுக்க அது போதும், பல்லால் கடித்து நசுக்குகிற பழக்கமும் நிற்கும்.